மலை வீட்டில் நகையை எங்கே வைப்பது?

நகைப் பையை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பது நம் வீடுகளில் பரம்பரை வழக்கம். ஈரோட்டிலோ மதுரையிலோ அதில் பெரிய தப்பில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் அதையே செய்தால் திருடனுக்கு முன்னால் யானை வந்துவிடும். அரிசி வாசம் பிடித்து வரும் யானை சமையலறைச் சுவரை இடித்துத் தும்பிக்கையை உள்ளே விட்டால் முதலில் இழுப்பது அந்த டிரம்மைத்தான். வீடு வீடாக அரிசி தேடித் தின்றதால் ‘அரிசி ராஜா’ என்று பெயர் வாங்கிய மக்னா (தந்தமில்லாத ஆண்) யானையைப் பந்தலூர்ப் பக்கம் 2022 டிசம்பரில் வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. கோத்தகிரி, குன்னூர் என்றால் கரடி. கோயில் விளக்கு எண்ணெய்க்கு வந்து பழகிய கரடி சமையலறைக்கும் வரும். வந்தால் எண்ணெயும் நெய்யும் இருக்கிற அலமாரியைத்தான் கவிழ்க்கும்.

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வீட்டில் தங்கம், வெள்ளியைப் பத்திரப்படுத்துவது பற்றிப் புழங்கும் யோசனைகள் பெரும்பாலும் சமவெளி வீட்டை, அதிலும் நகரத்து அடுக்குமாடி வீட்டை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. நீலகிரியில் வீட்டின் அமைப்பு வேறு, மண்ணும் காற்றும் வேறு, அக்கம்பக்கமும் வேறு. ஒளித்து வைத்தல் என்ற உத்தி இங்கே எவ்வளவு தூரம் பலிக்கும் என்று தனியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதிகம் பலிக்காது என்பது என் கணிப்பு.

முதலில், இந்த ஒளிக்கும் பழக்கம் திருடனுக்குப் பயந்து மட்டும் வந்ததில்லை. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றன. 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனி ஆள் தங்கக் கட்டி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அந்தச் சட்டம் 1990-இல் நீங்கும் வரை, பாட்டன் காலத்துக் கட்டியைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத் திருடன், அதிகாரி இருவரிடமும் ஒரே பயம்தான். சுவரில் குழி, பரண் பலகைக்கு மேல் டப்பா, தொழுவத்து மண்ணில் பித்தளைச் செம்பு என்று அந்தத் தலைமுறை வைத்த இடங்களுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. சட்டம் போய் முப்பத்தைந்து வருஷமாகியும் பழக்கம் போகவில்லை.

இன்றும் பாதிப் பயம் வருமான வரிக்காரர் மேல்தான். 1994 மே மாதம் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு அறிவுறுத்தல் கொடுத்தது: சோதனை நடக்கும்போது கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம், கல்யாணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை நகையைக் கைப்பற்ற வேண்டாம் என்று. இதை ஊரில் ‘அவ்வளவுதான் வைத்திருக்கலாம்’ என்று புரிந்துகொண்டு மீதியை ஒளிக்கிறார்கள். அது உச்சவரம்பே இல்லை. எங்கிருந்து வந்தது என்று காட்ட முடிந்தால் எத்தனை பவுனும் வைத்திருக்கலாம். சீதனம், பரம்பரைச் சொத்து, கணக்கில் வந்த வருமானம் எல்லாம் செல்லும். செல்வ வரி (வெல்த் டாக்ஸ்) என்று தனியாக இருந்ததும் 2015 பட்ஜெட்டோடு போயிற்று. பில்லை வைத்துக்கொண்டால் தீருகிற பிரச்சினைக்குச் சுவரைக் குடைய வேண்டியதில்லை.

சரி, திருடனுக்கு வருவோம். ஒளித்து வைப்பதால் என்ன லாபம்? நேரம் மட்டும்தான். பூட்டை உடைத்து உள்ளே வருகிறவன் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பதற்குள் கிளம்ப வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் பீரோ, மெத்தைக்கு அடி, பூஜை அறை, அஞ்சறைப் பெட்டி என்று அவன் பார்க்கும் வரிசை ஏறக்குறைய நிச்சயமானது. பீரோ சாவி பீரோ தலையிலேயே இருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். இந்த வரிசையில் இல்லாத ஓர் இடத்தில் நகை இருந்தால் அவன் நேரம் தீர்ந்துபோகும், நகை தப்பும். நெருக்கமாக வீடுகள் இருக்கும் தெருவில் இந்தக் கணக்கு சரியாக வரும்.

மலையில் நேரம் அவன் பக்கம். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்கிற வீடு. அடுத்த வீடு ஒரு வளைவு தள்ளி. ஜூலை மாதத்து மழையில் தகரக் கூரை போடுகிற சத்தத்தில் உள்ளே கடப்பாரை போட்டாலும் வெளியே கேட்காது. கல்யாணம், ஆஸ்பத்திரி, பிள்ளை படிக்கும் கல்லூரி என்று எதற்கும் கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டும். இறங்கினால் அன்றே ஏறுவது குறைவு. இரண்டு இரவு பூட்டிக் கிடக்கும் வீட்டில் திருடன் அவசரப்பட வேண்டியதில்லை. அரிசியைக் கொட்டிப் பார்க்கலாம், சீலிங் பலகையைக் கழற்றலாம், மரத் தளத்தைத் தட்டிப் பார்க்கலாம். பழைய பங்களா வீடுகளின் பலகைத் தளம் ஒளிப்பதற்கென்றே செய்த மாதிரி தோன்றும். ஆனால் ஆணி ஒருமுறை பிடுங்கப்பட்ட பலகை நடக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

கேமரா வைத்திருக்கிறோம் என்பார்கள். இரவில் கேமரா பார்ப்பது அகச்சிவப்பு வெளிச்சத்தில். மஞ்சு இறங்கியிருந்தால் அந்த வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுத் திரும்பிப் படமெல்லாம் வெள்ளையடித்துவிடும். காற்றுக்கு மரம் விழுந்து கரண்டு போனால் கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் போகும். கோயம்புத்தூரிலிருந்து போனில் வீட்டைப் பார்க்கிற வசதி, தேவைப்படுகிற இரவில் இருக்காது. நாய்? சிறுத்தை நடமாடும் ஊரில் நாயை ராத்திரி வெளியே கட்டுகிறவர் யார்.

இந்த விஷயத்தில் வசதியான வீட்டைவிடச் சிறிய வீடு மேல் என்பது எனக்கு எப்போதும் சுவாரசியமாகப் படும். ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கின்றன. முற்றத்தில் புது ஆள் கால் வைத்தால் பத்துப் பேர் யார் என்று கேட்பார்கள். தோட்டத்து லைன் வீடுகளும் அப்படித்தான். இந்தக் காவல் ஆட்டம் காண்பது, ஊரே கிளம்பிப் பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவுக்குப் போகிற மாதிரி நாட்களில். காட்சி நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஊருக்கு வெளியே மேட்டில் கட்டிய வில்லாவுக்கு எல்லா நாளும் அந்த நாள்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். திருட்டு நடந்தால் உடனே ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தேயிலை பறிக்க வந்தவர்களைக் கை காட்டுகிற வழக்கம் வந்திருக்கிறது. ஒளித்த இடத்தை நேராகப் போய்த் திறந்திருக்கிறார்கள் என்றால், சொன்னது யாரோ தெரிந்தவர்தான். பெயின்ட் அடிக்க வந்தவர், அலமாரி செய்த ஆசாரி, சொந்தக்காரப் பையன், இல்லையென்றால் கல்யாண வீட்டிலிருந்து போட்ட வாட்ஸப் ஸ்டேட்டஸ்.

ஒளித்தல் பலிக்காது என்றால் அடுத்தது சேஃப். கடையில் கிடைக்கிற சின்ன டிஜிட்டல் பெட்டியை அப்படியே பீரோவுக்குள் வைத்தால், திருடனுக்கு நகையைப் பெட்டியோடு எடுத்துக் கொடுத்த மாதிரிதான். தூக்கிக்கொண்டு போய்த் தேயிலைக்குள் வைத்து நிதானமாக உடைப்பான். தரையிலும் பின் சுவரிலும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும், அதுவும் கான்கிரீட்டில். பலகைத் தளத்தில் போட்ட போல்ட்டைக் கடப்பாரையால் பலகையோடு பெயர்த்துவிடலாம். எந்தச் சுவர் என்பதும் முக்கியம். சரிவில் மண்ணை வெட்டிக் கட்டிய வீட்டில் பின் சுவர் பாதி வரை மண்ணோடு ஒட்டியிருக்கும். மழைக்காலம் முழுக்க அது ஓதம் காக்கும். சுவருக்குள் பதிக்கும் சேஃபை அங்கே வைத்தால் முதல் மழைக்காலத்திலேயே உள்ளே வியர்க்கும். வீட்டின் நடுச்சுவர்தான் சரி. டிஜிட்டல் பூட்டின் பேட்டரி குளிரில் சீக்கிரம் தளரும், ஈரத்தில் ஒழுகவும் செய்யும். அவசரச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு நிற்கிறவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு.

தீத்தாங்கும் சேஃப் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அதன் சுவருக்குள் இருக்கும் பூச்சு நீரைப் பிடித்து வைத்திருக்கும். சூடேறும்போது அது ஆவியாகிக் காகிதங்களைக் காக்கும். தீயே வராத நாட்களிலும் அந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். ஊட்டிக் காற்றின் ஈரமும் சேர்ந்தால் பத்திரத்தில் பூஞ்சை, வெல்வெட் பெட்டியில் வெள்ளைப் பூத்தல், வெள்ளியில் கறுப்பு எல்லாம் வரும். நகைக்குத் தீத்தாங்கும் பெட்டி அவ்வளவு அவசியமும் இல்லை. தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும். வீட்டில் பிடிக்கும் தீ அந்த அளவை எட்டுவது அரிது. பற்றவைத்த இணைப்புகள்தான் முன்னதாக இளகும். கல்லும் முத்தும் கெடும்.

சூடு என்றதும் கணப்பு ஞாபகம் வருகிறது. பழைய வீடுகளில் பயன்படுத்தாத கணப்பு ஒன்றாவது இருக்கும். அதன் புகைபோக்கித் திட்டில் பொட்டலம் வைப்பது பலருக்கும் தோன்றும் யோசனை. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஆசையாக விறகை அடுக்கிப் பற்றவைத்தால், பவுன் தப்பினாலும் அரக்கு தப்பாது. நம் பழைய நகைகள் பலவற்றில் உள்ளே அரக்கு நிரப்பியிருக்கும், கெம்புக் கல்லையும் அரக்கில்தான் பதித்திருப்பார்கள். அது இளகக் கணப்பின் பக்கத்துச் சூடே போதும்.

உலோகத்தின் குணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம். மலையில் திருடனைவிட அதிக வீடுகளுக்கு வந்து போவது ஈரம்தான். சுத்தத் தங்கத்தைக் காற்றும் தண்ணீரும் ஒன்றும் செய்யாது. 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். பல வருஷம் ஈரத்தில் கிடந்தால் இலேசாக மங்கும், துடைத்தால் போய்விடும். 18 காரட்டில் கால் பங்கு வேறு உலோகம் என்பதால் இன்னும் கொஞ்சம் மங்கும். கவலைப்பட வேண்டியது வெள்ளியைப் பற்றி. வெள்ளியைக் கறுக்க வைப்பது காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள்; ஈரம் அந்த வேலையை வேகப்படுத்துகிறது. மலைக்காரர் செய்யும் தனிப்பட்ட தவறு ஒன்று இங்கே இருக்கிறது. வெள்ளிக் குத்துவிளக்கையும் தட்டையும் பழைய ஸ்வெட்டரிலோ கம்பளிச் சால்வையிலோ சுற்றி வைக்கிறார்கள். மெத்தென்று இருக்கும், கீறல் விழாது என்ற நினைப்பு. கம்பளியே கந்தகம் உள்ள பொருள். அதில் சுற்றிய வெள்ளி, சும்மா அலமாரியில் வைத்ததைவிடச் சீக்கிரம் கறுக்கும். ரப்பர் பேண்டும் அப்படியே. போட்ட இடத்தில் கோடு போல் கறுப்பு விழும். செய்தித்தாளும் ஆகாது.

துவைத்து நன்றாகக் காய்ந்த பருத்தித் துணி, அதற்கு மேல் காற்றுப் புகாத ஜிப் கவர், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. இவ்வளவுதான் வேண்டியது. ஜெல் மழைக்காலத்தில் சீக்கிரமே நிறைந்துவிடும். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது சூடு காட்டி உலர்த்துவது என்று தெரியும். பொட்டலத்தைக் கட்டுவது ஈரம் குறைந்த பிப்ரவரி, மார்ச் வெயிலில் இருக்கட்டும். மழை நாளில் கட்டினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். கறுத்த வெள்ளியை விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்க்கும்போது கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் போகிறது. பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளியை அதன் மேல் வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றினால் கந்தகம் அலுமினியத்துக்குப் போய், வெள்ளி வெள்ளியாகவே தங்கும். கல் பதித்தவற்றை மட்டும் இதில் போட வேண்டாம்.

மண்ணில் புதைப்பது? நீலகிரியில் ஆகக் கூடாதது அதுதான். தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண் தங்கத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் இந்த மண் நின்ற இடத்தில் நிற்காது. 1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் என்ற இடத்தில் சாலையே போனது. 2009 நவம்பர் மழையில் மாவட்டம் முழுக்கச் சரிவுகள், நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ‘கொய்யா மரத்திலிருந்து மூன்றடி’ என்று வைத்த அடையாளத்தில் அடுத்த வருஷம் மரமே இருக்காது. அதற்குப் பிறகு தடுப்புச் சுவர் கட்டப் பொக்லைன் வந்து மீதியை அள்ளிவிடும்.

அப்படி வேறு ஒருவர் கையில் கிடைத்தால் சட்டமும் குறுக்கே வரும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் மண்ணில் மட்டுமல்ல, மண்ணோடு இணைந்த கட்டடத்தில் மறைந்திருப்பதையும் சேர்த்துத்தான் புதையல் என்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷத்துக்குள் என் குடும்பத்தார் புதைத்தது என்று உரிமை கோரலாம். ஆனால் நிரூபிப்பது சிவில் கோர்ட்டில். இரகசியமாகப் புதைத்ததற்குச் சாட்சிக்கு எங்கே போவது? இந்த மலையில் புதைத்துப் பத்திரமாக இருந்த தங்கம் என்றால் கல்வட்டச் சமாதிகளில் இருந்ததுதான். அதையும் நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் 1870களின் தொடக்கத்தில் தோண்டிப் பார்த்துவிட்டார்; அப்படிக் கிடைத்த நீலகிரித் தங்க நகைகளை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

தேவாலாப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1879-இலிருந்து இரண்டு மூன்று வருஷம் அங்கே தங்கச் சுரங்க மோகம் பிடித்து, லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்துப் பணம் திரட்டி, கொஞ்ச காலத்தில் ஒன்றுமில்லாமல் போயின. அந்தப் பழைய குழிகளில் இன்றும் திருட்டுத்தனமாக இறங்கி, பாதரசம் போட்டுத் தங்கம் பிரிக்கிறார்கள். அப்படி வந்த தங்கம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வைத்தால், அதற்குப் பில்லும் கிடையாது, தொலைந்தால் புகாரும் கொடுக்க முடியாது.

ஆகப் பெரும்பங்கு பேங்க் லாக்கருக்குத்தான் போக வேண்டும். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. ரிசர்வ் வங்கியின் 2021 ஆகஸ்ட் விதிகள் 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கின்றன. தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால், பேங்க் தர வேண்டியது லாக்கரின் வருட வாடகையைப் போல நூறு மடங்கு வரை. வாடகை 3,000 ரூபாய் என்றால் மூன்று லட்சம். இன்றைய விலையில் அதற்கு எத்தனை பவுன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நிலநடுக்கம், வெள்ளம், இடி போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு பேங்க் பொறுப்பில்லை என்றும் அதே விதிகள் சொல்கின்றன. மண்சரிவு ஊரில் இந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். சரிவுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் கிளையைவிட, சமதளத்தில் இருக்கும் கிளையைத் தேடலாம். மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ மகள் வீட்டருகே ஒரு லாக்கர், மேலே ஒன்று என்று பிரித்து வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

லாக்கர் இருந்தும் வீட்டு சேஃப் ஏன் வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்காக. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை பேங்க் இல்லை என்பதால் வெள்ளிக்கிழமையே எடுத்தாக வேண்டும், திங்களன்றுதான் திருப்பி வைக்க முடியும். வருஷத்திலேயே வீட்டில் அதிக நகை இருப்பது அந்த மூன்று இரவுகளில்தான். பத்திரிகை அடித்து ஊருக்கே தேதி சொல்லியிருப்பதும் அந்த நாட்களைத்தான். கான்கிரீட்டில் இறுக்கிய பெட்டியும், வீட்டில் படுக்க ஓர் ஆளும் அந்த இரவுகளுக்காகவே வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகலாம். ரோந்து போகிறவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். வீட்டு இன்ஷூரன்ஸில் நகை தானாகச் சேராது. மதிப்பீட்டுச் சான்றுடன் தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

திருட்டு, ஈரம், சரிவு எல்லாவற்றையும் விட அமைதியாக நகையைத் தின்பது மறதி. மலையில் இது கூடுதல். பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். மேலே இரண்டு வயசானவர்கள். ஒளித்தவர் ஒருநாள் படுத்துவிட்டால் இடம் அவரோடு போகும். வீட்டைச் சாமான்களோடு விற்கிற குடும்பம் பீரோவோடு எதை விற்றது என்று அதற்கே தெரியாது. அதனால் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும், அதில் ஒருவர் அந்த வீட்டில் வசிக்காதவராக இருக்க வேண்டும். லாக்கருக்கு நாமினி போடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை, ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசையில் எழுதலாம்.

அப்புறம் பட்டியல். ஒவ்வொரு நகையையும் தராசில் வைத்து, எடை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகை என்றால் அதில் ஆறு எழுத்து, எண் கலந்த ஹெச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாள எண் பொறித்திருக்கும்; லென்ஸ் வைத்துப் படித்து எழுதிக்கொண்டு, பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். பாட்டி காலத்து நகைக்கு அந்த எண் இருக்காது. அதற்குக் கல், திருகு, பழுது பார்த்த இடம் என்று அடையாளத்தை வார்த்தையில் எழுத வேண்டும். எஃப்.ஐ.ஆர். எழுதும்போது போலீஸ் கேட்பதும் இன்ஷூரன்ஸ்காரர் கேட்பதும் இதைத்தான். பட்டியலின் ஒரு பிரதி கீழே இருக்கும் மகளிடமோ மகனிடமோ இருக்கட்டும். நகை இருக்கும் பீரோவில் அதை வைத்தால், எதைத் தேட வேண்டும் என்று திருடனுக்கு எழுதிக் கொடுத்ததாகிவிடும்.